மணலியில் நடந்த இசைப்பள்ளி

மணலி என்றதும் இன்று சுத்திகரிப்பு ஆலையும் டேங்கர் லாரிகளும்தான் கண்முன் வருகின்றன. எனக்கு அது ஓர் அபூர்வமான இசைப்பள்ளி நடந்த ஊர். பெயர்ப்பலகை கிடையாது, பட்டம் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி துபாஷி முத்துகிருஷ்ண முதலியார், திருவாரூரிலிருந்து ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்துவந்து ஆதரித்த ஊர். 108 ராகங்களில், 108 தாளங்களில் ஒரே மாலிகை கட்டிய மேதை இந்தத் தீட்சிதர். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம்.

அடுத்த பாடம் கோட்டையில் கிடைத்தது. துபாஷியின் மகன் வெங்கடகிருஷ்ண முதலியார், தீட்சிதர் பிள்ளைகளைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளையரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கவைத்தார். மூத்தவரான முத்துசுவாமி அந்த மெட்டுகளைச் சங்கராபரணத்தில் நிறுத்தி, சமஸ்கிருத சாகித்தியம் பூட்டினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். தம்பி பாலுசுவாமிக்கு ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பாடம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மெண்டல்சன் இசைக்கல்லூரி தொடங்கியது 1843-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அந்தக் கருவி நம் சங்கீதத்துக்குப் பழகத் தொடங்கிவிட்டது. பாலுசுவாமி பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார். இன்று வயலின் இல்லாத கச்சேரி ஏது!

நோட்டுஸ்வரங்களைக் குழந்தைப்பாட்டு என்று ஒதுக்குவோர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் என்றாலே வீணைத் தந்தியில் இழைந்து வரும் கமகம்தான். அதே மனிதர் இங்கே கமகத்தை அறவே விலக்கி, ஸ்வரங்களை நேராக நிற்கவைக்கிறார். 'சந்ததம் பாஹிமாம்' ஆங்கிலேயரின் ராஜகீத மெட்டு. மன்னனுக்காகப் பிரார்த்தித்த அந்த மெட்டு இவர் கையில் சங்கீத சியாமளையிடம் போய்ச் சேர்கிறது. என்ன துணிச்சல், என்ன பக்தி!

பாலுசுவாமியின் சுவீகார புத்திரர் சுப்பராம தீட்சிதர், 1905-இல் வெளிவந்த தம் 'பிரதமாப்யாச புஸ்தகமு' என்ற ஆரம்பப் பாடநூலில் நோட்டுஸ்வரங்களுக்கு இடம் கொடுத்தார். கமகம் ஏறுமுன் ஸ்வரஸ்தானம் சுத்தமாக நிற்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. இன்று இவற்றைக் குழுவாகப் பாடும் பிள்ளைகளை அவசர அவசரமாக விரட்டுகிறார்கள். காலப்பிரமாணத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாடவையுங்கள். மெட்டு நீளும் இடம் பார்த்து தீட்சிதர் நெடிலை வைத்திருக்கும் நேர்த்தி அப்போதுதான் காதில் விழும்.