சிறுத்தையின் கண்ணில் மின்னும் பிழை

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் தொடக்கத்தில், ஆதிமனிதர்கள் அலையும் வறண்ட நிலத்தில் ஒரு சிறுத்தை தன் இரையருகே படுத்திருக்கும். அது நம் பக்கம் திரும்பும்போது கண்கள் இரண்டும் உள்ளே விளக்கேற்றியதுபோல் சுடர்விடும். அந்த ஆப்பிரிக்க வெளி, இங்கிலாந்தில் ஸ்டுடியோவுக்குள் உருவானது. நிலக்காட்சியின் படத்தைக் கேமராவின் திசையிலிருந்தே ஒளியாகப் பாய்ச்சி, பின்னாலிருந்த பிரதிபலிப்புத் திரையில் விழவைத்தார்கள். அந்த ஒளி சிறுத்தையின் விழியிலும் பட்டுத் திரும்பிவிட்டது. யாரும் திட்டமிடாத விபத்து. குப்ரிக் அதை வெட்டவில்லை. அந்தக் கண்கள் இல்லாமல் அந்தக் காட்சியை இன்று நினைத்துப் பார்க்கவே முடியாது.

பழைய அறிவியல் புனைகதைப் படங்களின் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட இடங்களைப் பற்றித்தான். ‘லாஜிக் இடிக்கிறது’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது வேறு. எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது என்று குனிந்து பார்ப்பது வேறு. இரண்டாவதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். நம் இலக்கணம் அதற்கு நல்ல சொல் ஒன்றைத் தந்திருக்கிறது. பிழை என்றால் வழு. பிழையே ஆனாலும் தக்க காரணத்தால் ஏற்கப்பட்டால் வழுவமைதி. வீட்டுப் பசுவைப் பார்த்து ‘அம்மா வந்துவிட்டாள்’ என்று ஒருவர் மகிழ்ந்தால் அங்கே திணை பிழைக்கிறது. உவப்பு கருதி இலக்கணம் அதை ஒப்புக்கொள்கிறது. ஒரு படத்தில் எது வழு, எது வழுவமைதி என்று பிரித்தறிவதில்தான் இந்த ரசனையின் சுவையெல்லாம் இருக்கிறது.

முதல் தடவை எதையும் தேடாதீர்கள். 1968இல் வந்த ‘2001’ ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படம். முதல் இருபது நிமிடங்களுக்கும் மேலாக ஒரு வசனம்கூடக் கிடையாது. அதன் போக்கிலேயே போய்விடுங்கள். இரண்டாம் தடவை கதையை விட்டுவிட்டுப் பொருள்களைப் பாருங்கள். விண்கலத்தில் தூங்கும் பயணியின் பேனா காற்றில் மிதக்கும். பணிப்பெண் வந்து அதை எடுப்பார். அவர் விரல்களைக் கவனியுங்கள். எடுக்கும்போது பேனா லேசாகப் பிய்ந்து வரும். கண்ணாடித் தகட்டில் ஒட்டி, தகட்டைச் சுழற்றி எடுத்த காட்சி அது. கணினி வரைகலை இல்லாத காலத்தில் கையும் கண்ணும் எவ்வளவு உழைத்தன என்பதை அந்தச் சிறு இழுப்பு சொல்லிவிடுகிறது.

அதே பயணத்தில் உறிஞ்சுகுழலில் உணவு வரும். உறிஞ்சி நிறுத்தியதும் திரவம் கீழே இறங்கும். எடையற்ற இடத்தில் எப்படி இறங்கும்? இறங்காது, வழு என்பார் ஒருவர். உணவுப் பெட்டிக்குள் அழுத்தம் குறைந்து அதுவே திரும்ப இழுத்திருக்கலாமே என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் இயற்பியல் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

இதைவிட ஆழமானது, விண்வெளி வீரர் போமன் தலைக்கவசமின்றி வெற்றிடத்தில் பாயும் காட்சி. மனித உடல் வெடித்துச் சிதறாதா என்று பலர் கேட்கிறார்கள். சிதறாது. 1966இல் ஹூஸ்டனில் விண்வெளி உடையைச் சோதித்தபோது காற்றுக்குழாய் கழன்று ஒருவர் வெற்றிடத்துக்கு ஆளானார். சுமார் 14 நொடிகளில் நினைவிழந்தார், ஆனால் பிழைத்துக்கொண்டார். போமன் அந்தச் சில நொடிகளில் கலத்துக்குள் போய்விடுகிறார். அதுவும் துளிச் சத்தமில்லாமல். வெற்றிடத்தில் ஒலி பரவாது என்பதைப் படம் மறக்கவில்லை. உண்மையான பிழை வேறிடத்தில் இருக்கிறது: பாய்வதற்குமுன் அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். அப்படிச் செய்தால் நுரையீரல் கிழியும். மூச்சை வெளியே விட்டிருக்க வேண்டும். மேலோட்டமான குற்றச்சாட்டு விழுந்து, கூர்மையான ஒன்று அதன் இடத்துக்கு வருகிறது. குறை தேடியவர் கைநிறைய அறிவியலோடு திரும்புகிறார்.

படத்தில் தெரியும் பூமியும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படம் வெளியானது ஏப்ரலில். பூமியை முழு உருண்டையாக மனிதர்கள் தம் கண்ணால் பார்த்தது அதே ஆண்டு டிசம்பரில், அப்போலோ 8 பயணத்தில்.

சில பிழைகள் வளர்ந்து கதையாகிவிடுகின்றன. 1977இன் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் சோலோ தன் கலத்தின் வேகத்தைப் பார்செக் கணக்கில் பெருமையடிப்பார். பார்செக் என்பது தூரத்தின் அளவு, நேரத்தினுடையது அல்ல. 2018இல் வந்த ‘சோலோ’ படம், அவர் ஆபத்தான குறுக்குவழியில் தூரத்தையே குறைத்தார் என்று காட்டி அமைதி சொன்னது. அந்த முதல் படத்திலேயே ஒரு படைவீரர் கதவில் தலையை இடித்துக்கொள்வார். 2004 டிவிடி பதிப்பில் அந்த இடிக்கு ‘டொக்’ என்று ஓசையும் சேர்த்தார்கள்.

திருத்தம் எப்போதும் நன்மை என்று சொல்ல மாட்டேன். ‘பிளேடு ரன்னர்’ 1982இல் வந்தபோது, தப்பிய செயற்கை மனிதர்கள் ஆறு, இறந்தவர் ஒருவர் என்றார் காவல் அதிகாரி. மிச்சம் ஐந்து, நாம் பார்ப்பதோ நான்கு பேர். அந்த ஐந்தாவது யார், நாயகன் டெக்கார்டுதானா என்று ரசிகர்கள் வாதாடினார்கள். 2007இன் இறுதிப் பதிப்பில் இறந்தவர் இருவர் என்று வசனத்தை மாற்றினார்கள். பறக்கும் காரைத் தூக்கிய கம்பிகளை அதே பதிப்பில் அழித்தது சரி. இந்த எண்ணை மட்டும் விட்டிருக்கலாம். கணக்கு நேரானது, ஒரு நல்ல வாதம் போயிற்று.

கடைசியாக ஒன்று. ‘2001’ஐ அடுத்த முறை பார்க்கும்போது பக்கத்தில் சதுரங்கப் பலகையை வைத்துக்கொள்ளுங்கள். ஹால் என்ற கணினி விண்வெளி வீரர் பிராங்க்கோடு ஆடும் ஆட்டம், 1910இல் ஹாம்பர்க்கில் நிஜமாகவே ஆடப்பட்டது. வெல்லும் நகர்வைச் சொல்லும்போது ஹால், ராணி மந்திரியின் நேர்வரிசையில் மூன்றாம் கட்டத்துக்குப் போவதாகச் சொல்லும். அந்தக் காலக் குறியீட்டில் ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்தே எண்ண வேண்டும். கறுப்புக்காய் ஆடும் ஹாலுக்கு அது ஆறாம் கட்டம். அடுத்து அது அடுக்கும் நகர்வுகளும் கட்டாயமானவை அல்ல. வெள்ளை தோல்வியைச் சற்றுத் தள்ளிப்போடலாம். பிராங்க் சரிபார்க்காமல் ஒப்புக்கொண்டு விளையாட்டை முடித்துவிடுகிறார். கலத்தின் ஒரு கருவி பழுதாகப் போகிறது என்று ஹால் தவறாகச் சொல்வது இதற்குப் பிறகுதான்.

குப்ரிக் பூங்காக்களில் பந்தயம் வைத்துச் சதுரங்கம் ஆடியவர். இந்தப் பிழை அவர் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை. காய்களை அடுக்கிப் பார்த்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.