உப்புக் காற்றில் ஒரு ஆர்எக்ஸ் 100

பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கப் போகிறவர்கள் கிக்கரை உதைத்துச் சத்தம் கேட்பார்கள். நான் சீட்டைப் பார்ப்பேன். என்ஜினைப் பிரித்துக் கட்டிவிடலாம். கம்பெனி சீட்டு உறையும் மீட்டர் முகமும் போனால் போனதுதான்.

1985-இல் எஸ்கார்ட்ஸ் இங்கே கொண்டுவந்த யமஹாவின் 98 சிசி வண்டி இது. 1996-இல் உற்பத்தி நின்றது. விலை ஏற ஏற, ‘ஒரிஜினல்’ என்று டூப்ளிகேட்டைத் தலையில் கட்டுபவர்களும் பெருகிவிட்டார்கள்.

லைட்ஹவுஸ் குப்பம் மாதிரி ஊரில் சோதனை இன்னும் கடுமை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. சேறும் ஈரமும் தங்கும் மட்கார்டின் உள்மடிப்பில்தான் உப்பு முதலில் வேலையைக் காட்டும். மேலே குரோம் மின்னும். உள்ளே விரல் விட்டுத் தடவினால் துரு செதில் செதிலாக உதிரும். புது முலாம் பூசிய டூப்ளிகேட்டைவிட, ஓட்டை விழாதவரை, அந்த மட்கார்டுதான் எனக்கு உசத்தி. சீட்டு கிழிந்திருந்தாலும் தையல் போட்டால் போதும். சிவப்பு ரெக்ஸின், எல்இடி விளக்கு, அகல டயர் மாட்டி ‘நல்ல கண்டிஷன் சார்’ என்பவரிடம் பேரம்கூடப் பேசமாட்டேன்.