எள்ளல் இல்லாத நகை

நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காம் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் இலக்கணம். பிறரை எள்ளிச் சிரிக்க வைத்தல் எளிது. எள்ளாது சிரிக்க வைத்தல் அரிது. அவ்வரிய வகையைச் சார்ந்தது தேவனின் ‘ஸ்ரீமான் சுதர்சனம்’.

1913-இல் திருவிடைமருதூரில் பிறந்து, ஆனந்த விகடனில் பணியாற்றி, 1957-இல் மறைந்தவர் தேவன். அவர் படைத்த சுதர்சனம் ஓர் இளங் குமாஸ்தா. சம்பளமோ சிறிது, குடும்பச் செலவோ பெரிது. கை, அலுவலகப் பணத்தை நாடுகிறது. இதனை அழுகைக் கதையாக்கலாம், அறவுரையாகவும் ஆக்கலாம். தேவன் இரண்டையும் விடுத்து, இளமையும் பேதைமையும் கொண்டே நகை விளைவிக்கிறார். குற்றம் குற்றமாகவே நிற்கிறது. ஆயினும் குற்றவாளியை வெறுக்க நமக்கு மனம் வருவதில்லை.

லிங்கித் தோட்டங்களில் இதனைப் படிப்போர்க்கு ஒரு தடை உண்டு. பால்மரம் வெட்டிய தலைமுறைக்குக் குமாஸ்தா என்றால் கிராணி, பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கூலிக் கணக்கு எழுதியவர், அஞ்சத்தக்கவர். சுதர்சனமோ பிறர்க்கு அஞ்சி வாழ்பவன். இவ்வேறுபாட்டை ஆசிரியர் முதலில் விளக்கிவிட்டால், மாணவர் மனம்விட்டுச் சிரிப்பர். சிரித்தபின், சிறு தேவைக்காகச் செய்த சிறு பிழை எங்குக் கொண்டுபோய் விடும் என்பதையும் தாமே எண்ணிப் பார்ப்பர்.