கைப்பிடி அரிசியும் குண்டு காரும்

ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974-இல் வெளிவந்தது. நம்மில் அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் தத்துவத்துக்காகப் படித்தவர்கள். 'தரம்' என்றால் என்ன என்று ஃபைட்ரஸ் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடங்களில் அடிக்கோடு போட்டிருப்போம். ஸ்க்ரூ வரும் பக்கங்களைச் சட்டென்று புரட்டியிருப்போம். எனக்கு இன்றும் மனதில் நிற்பது அந்த ஸ்க்ரூ பக்கங்கள்தான். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பட்டறைகளைப் பார்த்தபிறகு அந்தப் பக்கங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு சம்பவம் வருகிறது. கதைசொல்லியின் வண்டி இன்ஜின் வேகத்தில் போகும்போது இறுகிக்கொள்கிறது. பட்டறைக்காரர்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு எதையெதையோ கழற்றுகிறார்கள், உளி வைத்துத் தட்டி இன்ஜினின் குளிர்விப்புத் தகடுகளை உடைக்கிறார்கள். கடைசியில் கோளாறு எங்கே என்றால், தலைப்பகுதிக்கு ஆயில் அனுப்பும் வழியில் உடைந்துபோன ஒரு பின். விலை 25 சென்ட். அந்த மெக்கானிக்குகளுக்குக் கை இருந்தது, கவனம் இல்லை. வேடிக்கை பார்ப்பவர்களைப் போல வேலை செய்தார்கள் என்கிறார் பிர்சிக். இதைவிடச் சரியாக ஒரு மோசமான பட்டறையை யாரும் எழுதியதில்லை. பிரச்சினையை எழுது, சாத்தியங்களை எழுது, ஒவ்வொன்றாகச் சோதி, முடிவைக் குறி என்று அவர் சொல்லும் நோட்டுப்புத்தக முறை நான் தினமும் அலுவலகத்தில் பிழை தேடும் முறையேதான்.

பிறகென்ன வழக்கு?

பிர்சிக்கின் உலகத்தில் மனிதன் தனியாக இருக்கிறான். வண்டி அவனுடையது, அதன் வரலாறு முழுக்க அவனுக்குத் தெரியும், நோட்டும் அவனுடையது. டெல்டாவில் ஓடும் பழைய அம்பாசிடருக்கு இப்படி ஒரு வாழ்க்கை வாய்ப்பதில்லை. 1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அந்தக் குண்டு கார் இன்று ஐந்தாவது ஆறாவது கைக்கு வந்திருக்கும். மீட்டர் நின்று பல வருஷம் ஆகியிருக்கும். மூன்று லட்சமா ஐந்து லட்சமா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. எந்த மெக்கானிக் எதை மாற்றினார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இங்கே வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால் மனிதர்களை விசாரிக்க வேண்டும்.

தஞ்சாவூரில் இன்னும் அம்பாசிடரில் கை வைக்கிற ஒருவரின் பட்டறையில் சில பிற்பகல்களைக் கழித்திருக்கிறேன். வண்டி சூடாகிறது என்று ஒரு டிரைவர் வந்தால் அவர் பானெட்டைத் திறப்பதில்லை. "நின்னா சூடாகுதா, ஓடினா சூடாகுதாண்ணே?" என்று கேட்பார். நிற்கும்போது மட்டும் சூடேறினால் காற்று போதவில்லை: ஃபேன், பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும். நன்றாக விரட்டும்போது ஏறினால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை: ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். அடுத்த கேள்வி, "என்ன தண்ணி ஊத்துறீங்க?" கடலோரத்து உப்புத்தண்ணீர் போர்வெல் என்றால் உள்ளே காறை கட்டியிருக்கும். மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது: "தை அறுப்புக்கு அப்புறமா, முன்னாடியேவா?" அறுப்புக்காலத்தில் ரோட்டிலேயே நெல்லும் வைக்கோலும் காயும் ஊர் இது. பதரும் தூசியும் ரேடியேட்டர் இடுக்குகளை மூடிவிடும். சம்பா அறுவடை அவருடைய நோயறிதல் பட்டியலில் ஒரு வரி.

நீலப்புகைக்கும் இதே கதைதான். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு குப் என்று வந்து நின்றுவிட்டால் வால்வு பக்கம் ஆயில் இறங்குகிறது. இழுவையில் தொடர்ந்து தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கும். பெட்ரோல் வண்டியென்றால் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு, ப்ளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பிர்சிக் மெச்சியிருப்பார்.

ஆனால் சாத்தியங்களை அடுக்கும் வரிசையில் இருவரும் பிரிகிறார்கள். பிர்சிக்கை நடத்துவது எது உண்மை என்ற கேள்வி. நம்மவர் அதோடு எதற்குச் செலவு கம்மி என்றும் கேட்பார். ஹெட் கேஸ்கட் போயிருக்கும் என்று அவருக்கு உள்ளூரத் தோன்றினாலும் முதலில் ரேடியேட்டர் மூடி, பிறகு பெல்ட், பிறகு தெர்மோஸ்டாட். "ஹெட்டை இறக்குனா அவருக்கு ஒரு மாச வாடகை போயிடும் தம்பி." பணமும் நோயறிதலின் ஒரு பகுதி என்பது பிர்சிக்கின் நோட்டில் இல்லை.

எதிர்த்திசையில் ரித்விக் கட்டக்கின் 'அஜாந்த்ரிக்' (1958) இருக்கிறது. சுபோத் கோஷின் சிறுகதையிலிருந்து எடுத்த படம். பிமல் என்ற டாக்ஸிக்காரன், ஜகத்தல் என்று அவன் பெயர் வைத்திருக்கும் ஓட்டை செவ்ரோலே. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் அது மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்கும். நம் 'படிக்காதவன்' (1985) ரஜினியும் தன் டாக்ஸியை லட்சுமி என்று கூப்பிடுவார். அங்கே அது சிரிப்புக்கு. கட்டக் அதே விளையாட்டைத் துக்கம் வரைக்கும் கொண்டுபோகிறார். பிமல் இருக்கிற பணத்தையெல்லாம் போட்டுப் புது பாகங்கள் வாங்கி மாட்டுகிறான். அப்புறமும் வண்டி சாகிறது. கடைசியில் பழைய இரும்புக்குப் போகிறது.

விமர்சகர்கள் இதை மனிதனும் இயந்திரமும், பழங்குடி வாழ்வும் நவீனமும் என்று வாசித்திருக்கிறார்கள். சரிதான். ஆனால் பட்டறைக்காரருக்கு அந்த முடிவில் மர்மமே இல்லை. "மேல புதுசாக்குனா கீழ தாங்காது" என்பார். தேய்ந்த இன்ஜினில் எல்லாம் சேர்ந்தே தேய்ந்திருக்கும். மேல்பகுதியை மட்டும் இறுக்கமாக்கி அழுத்தத்தைக் கூட்டினால், அதுவரை சமாளித்துவந்த கீழ் பேரிங்குகள் சத்தம் போட ஆரம்பிக்கும். வண்டி பிமலைக் கைவிட்டது துரோகத்தால் அல்ல. அவன் அன்பில் ஒரு பாதியைப் புதிதாக்கினான், மறுபாதி பழையதாகவே இருந்தது. இப்படிப் பார்த்தால் அந்த மரணம் இன்னும் தாங்கமுடியாததாகிறது.

பிர்சிக் கேட்காத கேள்வியைக் கட்டக் கேட்கிறார்: எப்போது நிறுத்துவது? பிர்சிக்கிடம் இதற்கு மிக அருகில் வரும் இடம் அந்தக் குரங்குப் பொறி. தென்னிந்தியப் பொறி என்றே சொல்கிறார். குடைந்த தேங்காய்க்குள் அரிசி. குரங்கு கையை விட்டு அள்ளுகிறது. மூடிய கை வெளியே வராது. அரிசியை விட்டால் விடுதலை. ஆனால் குரங்கு தன் மதிப்பீட்டை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது. கோளாறு தேடுகிறவன் பழைய எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்கு இது நல்ல உவமை. அந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நெல் விளைகிற ஊரிலிருந்து படித்தால் உவமை கொஞ்சம் இடறுகிறது. ஒரு கைப்பிடி அரிசி அவ்வளவு சுலபமாக விடக்கூடியதா? குரங்குக்குப் பசி என்பது பிர்சிக்கின் கணக்கில் வருவதில்லை. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 'விட்டுவிடு' என்று அரசாங்கமும் சொல்கிறது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்குப் போகும் ஒரே வண்டியை வைத்திருப்பவருக்கு விடுவது ஞானமல்ல; புது வண்டிக்கு மாதத் தவணை. அவர் கையை மூடிக்கொண்டிருப்பது பிடிவாதத்தால் என்று தூரத்திலிருந்துதான் சொல்லமுடியும்.

நல்ல மெக்கானிக் அந்த மூடிய கையையும் சேர்த்துத்தான் பரிசோதிக்கிறார். இன்னும் எத்தனை மாதம் இழுக்கலாம், எதைச் செய்தால் போதும், எதைச் செய்தால் வீண் என்று. "இதுக்கு மேல காசு போடாதீங்கண்ணே" என்று ஒருவரிடம் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அந்த வேலைக்கு அவர் கூலி வாங்கவில்லை. என் கணக்கில் அன்று அந்தப் பட்டறையில் நடந்த மிகத் துல்லியமான பழுதுபார்ப்பு அதுதான். ஸ்க்ரூவைப் பற்றி இவ்வளவு கவனமாக எழுதிய பிர்சிக்கிடம் இந்த வாக்கியத்துக்கு இடமில்லை. கட்டக்கிடம் இடம் உண்டு. அதைச் சொல்வதற்குத்தான் பிமலுக்கு யாரும் இல்லை.