வளர்ச்சியா, உருமாற்றமா?

தொல்காப்பியமும் கல்வெட்டும் ஆராயும் பெரியோர் நடுவே, பாத்திரக் கடைக்காரன் ஒருவன் பொம்மைப்படத்தை ஆராய வந்துவிட்டானே என்று அன்பர்கள் சிரிக்கலாம். படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எடுத்துக்கொண்ட பொருள் 'போக்கிமான்' என்னும் ஜப்பானியத் தொடரின் 14ஆம் பகுதி. அங்கே 1997 ஜூலை 1 அன்று ஒளிபரப்பானது. ஆங்கிலத்தில் 'எலக்ட்ரிக் ஷாக் ஷோடவுன்' என்று பெயர். பேரன் பார்க்க, கூட உட்கார்ந்து நானும் பார்த்தேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். இத்தொடரில் 'எவால்வ்' ஆவது என்று சொல்வதைப் பரிணாமம் என்பது பொருந்தாது. பரிணாமம் பல தலைமுறைகளில் நடப்பது. இங்கே ஒரே உயிர் ஒரே பிறவியில் வடிவம் மாறுகிறது. புழு வண்ணத்துப்பூச்சி ஆவது மாதிரி. மூல விளையாட்டை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர் என்பதை நினைத்தால், உருமாற்றம் என்பதே சரியான சொல்.

இனிக் கதை. ஆஷ் என்ற சிறுவனிடம் பிக்காச்சு என்னும் மின்சாரக் குட்டி இருக்கிறது. சர்ஜ் என்ற முரட்டு வீரனிடம் இருப்பது ரைச்சு. அதே இனத்தின் உருமாறிய பெரிய வடிவம். முதல் போட்டியில் பிக்காச்சு அடிபட்டு வீழ்கிறது. பிடித்த கையோடு உருமாற்றியிருக்க வேண்டாமா என்று சர்ஜ் ஏளனம் செய்கிறான். மருத்துவமனையில் நர்ஸ் ஜாய் ஒரு மின்னல் கல்லைத் தருகிறாள். அது பட்டால் பிக்காச்சு உடனே ரைச்சு ஆகிவிடும். ஆனால் திரும்பி வர முடியாது.

இங்கேதான் கதை உயர்கிறது. ஆஷ் தானாக முடிவெடுக்கவில்லை, பிக்காச்சுவையே கேட்கிறான். அது வாலால் கல்லைத் தட்டிவிடுகிறது. மறுபோட்டியில் ரைச்சுவின் குறை தெரிகிறது. சீக்கிரமே உருமாறியதால், பிக்காச்சுவாக இருக்கும்போது கற்க வேண்டிய வேகத்தை அது கற்கவே இல்லை. சின்னவன் ஓடி ஓடித் தப்பிக்கிறான். பெரியவன் மின்சாரம் தீர்ந்து தோற்கிறான்.

இதைப் பார்த்தபோது எனக்கு என் மூத்த மகன் ஞாபகம் வந்தது. பத்தாவது முடித்ததும் நேரே கல்லாவில் உட்கார வைத்தேன். "மொதலாளி மகன் மூட்டை தூக்குறதா?" என்ற வீண் கௌரவம். கணக்கில் புலிதான். ஆனால் பாத்திரத்தைச் சுண்டி உலோகம் சொல்வது, கையில் தூக்கியே எடை சொல்வது, முகம் பார்த்து விலை பேசுவது, இதெல்லாம் கடைப்பையனாக இரண்டு வருஷம் நின்றால்தான் வரும். அவனுக்கு வரவில்லை. குற்றம் அவனுடையதல்ல. கல்லை வைத்தவன் நான். அவனைக் கேட்கவும் இல்லை.

பாராட்டோடு நிறுத்தினால் விமர்சனம் ஆகாது. குறை இரண்டு சொல்ல வேண்டும்.

ஒன்று: பிக்காச்சு உருமாறாததற்கு வியாபாரக் காரணமும் இருக்கிறது. பெட்டியிலும் பொம்மையிலும் சட்டையிலும் அச்சான முகம் அது. முகம் மாறினால் சரக்கு போகாது. எந்த வியாபாரிக்கும் இது தெரியும். ஆயினும் கட்டாயத்தால் வந்த முடிவுக்கு நியாயமான காரணம் ஒன்றைக் கதைக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். அது ஆசிரியர் திறமை.

இரண்டு: உருமாறலாமா என்று கேட்டவன், சண்டை போடலாமா என்று அதே அளவு கேட்டானா? அடிபட்ட உயிர் மறுபடி களத்தில் இறங்கியது தன் மானத்துக்காக என்கிறது கதை. பதக்கம் போனதோ சிறுவன் சட்டைக்கு. இந்தக் கேள்வியைக் கதை தொட்டும் தொடாமலும் விட்டுவிடுகிறது.

இருந்தாலும் இருபது நிமிஷப் படம் ஒன்று, பெரிதாவது வேறு, தேறுவது வேறு என்று குழந்தைக்குப் புரியவைத்துவிட்டது. எனக்கும்தான். அடுத்த லீவில் பேரன் கடைக்கு வருகிறேன் என்கிறான். "எங்கடா உக்காருவே?" என்று கேட்டேன். "நீங்க சொல்லுங்க தாத்தா" என்றான். இம்முறை நான் சொல்லவில்லை.