விதியா, விழிப்பின்மையா?

வெடிக்கும் கலம், வீரன் ஒருவன், கடைசி நொடியில் மீட்சி! விண்வெளிக் கதை என்றதும் நம் நினைவுக்கு வருவன இவையே. அமெரிக்க எழுத்தாளர் டாம் காட்வின் 1954 ஆகஸ்டில் 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' இதழில் தீட்டிய சிறுகதை அத்தகையதன்று. 'தி கோல்டு ஈக்குவேஷன்ஸ்' என்பது பெயர். 'ஈரமற்ற சமன்பாடுகள்' எனலாம்.

வோடன் என்னும் கோளில் அறுவர் காய்ச்சலால் சாகக் கிடக்கின்றனர். மருந்தோடு விரைகிறது ஒரு சிறு கலம். ஓட்டி பார்ட்டனுக்கும் மருந்துக்கும் போதுமான எரிபொருளே அதில் உண்டு. உள்ளே ஒளிந்திருக்கிறாள் மரிலின், அகவை 18. பிரிந்துபோன அண்ணனைக் காணும் ஆவல். அகப்பட்டால் தண்டம் கட்டிவிடலாம் என்ற எண்ணம். அவளையும் சுமந்து கலம் இறங்க இயலாது. இறங்க முயன்றால் எண்மரும் மாள்வர். பெற்றோருக்கு மடல் எழுதுகிறாள், வானொலி வழியே அண்ணனிடம் விடைபெறுகிறாள், வெட்டவெளிக்குத் தள்ளப்படுகிறாள். கல்நெஞ்சரும் கலங்கும் இடம் அது!

தெய்வம் வந்து தாங்கவில்லை. கண்ணீர் கலத்தின் எடையைக் குறைக்கவில்லை. இயற்கை ஆள் பார்த்து இரங்குவதில்லை என்று துணிந்து எழுதியமைக்காகக் காட்வினைப் பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டு, அவரோடு வழக்காடவும் விரும்புகிறோம்.

நம் மொழியில் 'விதி' என்பதற்குப் பொருள் பல. நியூட்டன் கண்டது விதி. தலையில் எழுதியதாகச் சொல்லப்படுவதும் விதி. அலுவலகத்தார் தாளில் எழுதி ஒட்டுவதும் விதி. இம்மூன்றையும் ஒன்றெனக் காட்டி நம்மை ஏமாற்றுகிறது இக்கதை. ஒளிந்து வருவோரைக் கண்டவுடன் வெளியே தள்ளுக என்பது கதையில் வரும் சட்டம். முன்பும் பலர் ஒளிந்து வந்திராவிட்டால் அச்சட்டம் ஏன் பிறந்தது? சட்டம் எழுதத் தெரிந்தவர்களுக்குக் கதவிலே ஒரு பூட்டுப் போடத் தெரியவில்லையே! 'உள்ளே வராதே' என்று ஒரு பலகை, அவ்வளவுதான் காவல். புறப்படுமுன் அறையைத் திறந்து பார்ப்பாரும் இல்லை. எரிபொருளைச் சொட்டுச் சொட்டாக அளந்தது ஈர்ப்பு விசையா? இல்லை, சிக்கனம் பேசிய மனிதர்கள். அவர்களைக் குற்றக்கூண்டில் ஏற்றாமல், பழியைப் பௌதிகத்தின் தலையில் சுமத்துகிறார் ஆசிரியர். பார்ட்டனோ ஒரு முறைகூட மேலிடத்தை நோக்கி 'ஏன் இந்தக் கதவு திறந்து கிடந்தது?' என்று சினந்து கேட்கவில்லை. தலையெழுத்து என்று தலைகுனிந்தவனுக்கும் அவனுக்கும் என்ன வேறுபாடு?

1939இல் அச்சேறிய ஐசக் அசிமோவின் முதற்கதையை இதனோடு ஒப்பிடலாம். உடைந்த கலத்தில் மூவர். மூன்று நாளைக்குக் காற்று, ஓராண்டுக்குத் தண்ணீர். தண்ணீர்த்தொட்டியைத் துளைத்து, வெற்றிடத்தில் பீறிட்ட நீராவியின் உந்துதலால் வெஸ்டா என்னும் குறுங்கோளில் இறங்கிப் பிழைக்கின்றனர். கலைநயத்தில் காட்வினுக்கு அருகே அது நிற்காது. மாந்தர்கள் வெறும் அட்டைப் பொம்மைகள். ஆனால் அங்கே இயற்கை விதி மனிதன் கைக்கருவி. இங்கே அது தூக்குக்கயிறு.

காட்வினுக்கும் அந்தப் பெண்ணைக் கொல்ல மனம் வரவில்லையாம். அவளைப் பிழைக்க வைக்கும் வழிகளை மீண்டும் மீண்டும் எழுதி அனுப்பினார். இதழாசிரியர் ஜான் கேம்பல் திருப்பித் திருப்பி அனுப்பினார். அவள் சாகும் படியே இறுதியில் அச்சேறியது.