சாத்தந்தையார் காட்டும் மற்போர் நேர்மை

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களில் நிகழும் வடமாடு மஞ்சுவிரட்டில் காளையை வடம் தடுக்கும். வீரர் ஒன்பதின்மரைக் காலவரையறை தடுக்கும். அவ்வரையறைக்குள் பிடிபடாத காளைக்கே வெற்றி. இருபாலார்க்கும் வெல்ல வழியுண்மையின் அது போட்டியாயிற்று.

இக்காலத்துக் காணொளிப் போர் விளையாட்டுகளிலும் இவ்வினா எழுந்தது. 1991-இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டில் இடைவிடா அடித்தொடர், ஆக்கியோர் கருதாமலே அமைந்தது. அத்தகைய தொடர் முடிவின்றி நீளுமாயின் அடிபடுவோன் வெறும் காண்போனே. 1994-இல் வந்த ‘கில்லர் இன்ஸ்டிங்க்ட்’ தொடரை இடையே முறிக்கும் வழியை அவனுக்கு அளித்தது.

இவ்விளையாட்டுகள் எழுப்பிய வினாவுக்குப் புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் விடையுண்டு. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற நிலையைச் சாத்தந்தையார் ஆண்டுப் பாடுகின்றார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகின்றது. மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியை விலக்கி முதுகை வளைக்கின்றது. மீளவொண்ணாப் பிடியே இது. எனின், இதனை நேர்மையற்றது எனலாமோ? ஆகாது. தோற்பவனின் சூழ்ச்சியையும் புலவர் மறவாது குறித்தமை நோக்கத்தக்கது. அக்குறிப்பை நீக்கின் எஞ்சுவது கிள்ளியின் உடல்வலி ஒன்றே. எதிர்ச்செயலுக்கு இடமிருந்தும் அதனை முன்னறிந்து அடக்கியமையாலேயே அவன் வெற்றி பாடுபொருளாயிற்று என்பது எம் துணிபு.